மார்ச் முப்பத்தொன்று வரை

கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் எங்களுக்கு மூன்று ஏக்கர். என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணனின் தகப்பனார் அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர். அதை வாங்கி உழுதது இவர்தான். அதனால் அங்கே விளைந்ததை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னால் இவருக்கு உடம்பு கூசும்.

நான் பத்தாவது வரை படித்தவள். காலை ஏழு மணி பஸ்ஸில் திருநகர் போய், அப்பளக் கம்பெனியில் மாவு பிசைந்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவேன். முதலாளி ஹாலாஸ்யம் ஐயர் படித்து முடித்த பேப்பரைக் கேட்டு வாங்கிவருவேன். இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார், நான் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அதுதான் எங்கள் சாயங்காலம்.

அந்தத் தையில் உளுந்து பதினெட்டு மூட்டை கண்டது. அறுத்துப் போட்ட வாரமே பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டு உளுந்துக்கு வரி கிடையாது என்ற சலுகை மார்ச் 31ஆம் தேதியுடன் முடிவடைகிறது. இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அப்ப ஏப்ரல்ல பர்மா உளுந்து வராதா?"

"வரும். வரி கட்டி வரும். விலை கூடும்."

"அப்ப நம்ம உளுந்துக்கும் விலை கிடைக்கும்."

"கிடைக்கணும்ல."

"அதென்ன கிடைக்கணும்? பேப்பர்ல போட்டிருக்கானா, இல்லியா?"

"போட்டிருக்கான்."

சரியாகத்தான் படித்தேன். ஒரு எழுத்தும் தப்பவில்லை. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதே அர்த்தம்தான் வரும்.

இவருடைய தம்பி சங்கிலி களத்தில் வைத்தே விற்றுவிட்டு வந்து கேலி பேசினான்.

"என்னண்ணே, உளுந்துக்கு மூணு வேளையும் சோறு ஊட்டி வளக்கிறியாக்கும்?"

"போடா. ஏப்ரல்ல வந்து என் வாசல்ல நிப்ப பாரு."

"நிக்கிறேன், நிக்கிறேன். மதினி பேப்பர் படிக்க இருக்கவும் நீ கலெக்டர் கணக்காப் பேசுற."

இவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாசி முடியப்போகிற சமயம். கம்பெனியில் தூத்துக்குடி லாரி வந்து பர்மா உளுந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஐயர் என்னைக் கூப்பிட்டார்.

"முத்துமீனா, உன் வீட்டுக்காரர் இன்னும் விக்கலையாமே?"

"முப்பத்தொண்ணு போகட்டும்னு இருக்காரு ஐயா."

"இதைப் பாரு." செல்போனை நீட்டினார். சலுகையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டியிருந்தார்கள். உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்கவும், மக்களுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் இந்த நடவடிக்கை என்று போட்டிருந்தது.

"அன்னைக்கு முடியுதுன்னு போட்டிருந்தானே ஐயா?"

"அது அன்னிக்கு. வருஷா வருஷம் முடியறதுன்னுதான் போடுவான். வருஷா வருஷம் நீட்டுவான். வியாபாரத்துல இருக்கறவா யாரும் அந்தத் தேதியை நம்பறதில்லை."

பேப்பர் படிக்கிறவர்கள்தான் நம்பியிருக்கிறோம். மூட்டை ஒன்று ஓரத்தில் பிரிந்திருந்தது. கையை விட்டு அள்ளினேன். சலித்து எடுத்து, ஒரே அளவாக, பாசிமணி மாதிரி இருந்தது.

"அந்த ஊர்க்காரா இதைச் சாப்பிடறதே அபூர்வம், தெரியுமோ? நமக்காகவே வெதைக்கறா" என்றார் ஐயர்.

"எங்க உளுந்த நீங்களே எடுத்துக்கிட்டா என்ன ஐயா?"

"உங்களது பொடிசும் பெரிசுமா இருக்குமேம்மா. இது லண்டனுக்குப் போற அப்பளம். இதைவிடக் கொறச்சுக் கொடுத்தா, பாக்கலாம்."

அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. லண்டனில் இருக்கிறவனுக்கு அப்பளம் மலிவாக வேண்டும். மதுரையில் இருக்கிறவனுக்கு இட்லி மலிவாக வேண்டும். நானும் வெங்காயம் விலை ஏறினால் கவர்மெண்டைத் திட்டுகிறவள்தான். எல்லாருக்கும் மலிவாகக் கிடைப்பதற்காக யாரோ ஒருவர் குறைத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வருடம் அது நாங்கள்.

சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டு முன்னால் தார்ப்பாயில் உளுந்தை விரித்துப் போட்டு, வெறுங்காலால் அளைந்துகொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்படி நடந்தால் அடியில் இருப்பது மேலே வந்து காயும். முகமெல்லாம் தூசி.

"இன்னும் இருவது நாளுதான்" என்றார். "பேப்பர் எங்க?"

"ஐயரு குடுக்கல."

அன்றைக்கு அப்படிச் சொன்னேன். மறுநாள் காணோம் என்றேன். அதற்கடுத்த நாள், வேறொருத்தி வாங்கிப் போய்விட்டாள் என்றேன். என் கட்டைப்பையின் அடியில் மூன்று பேப்பரும் மடித்து இருந்தன. பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. இவர் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. நான் படித்துச் சொன்னதை நம்பிய மாதிரியே சொல்லாததையும் நம்பினார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மூட்டையில் வண்டு கண்டது. வேப்பிலை போட்டோம். வண்டு வேப்பிலை மேலேயே ஏறி உட்கார்ந்தது. சாம்பல் கலந்தால் விலை போகாது என்றார். கடையில் கேட்டு மாத்திரை வாங்கிவந்தார். மூட்டைக்கு நடுவில் வைத்து மூடினால் புகை கிளம்பி வண்டைக் கொல்லும் என்று கடைக்காரன் சொன்னானாம். வேறென்னென்ன சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான் என்று எனக்குத் தெரியாது. டப்பா மேல் எழுதியிருந்தது இங்கிலீஷ்.

"இன்னும் பத்து நாளைக்குக் காப்பாத்திட்டாப் போதும்" என்றார், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது.

வாசல்படியில் நின்றேன். பத்து நாளில் ஒன்றும் ஆகப்போவதில்லை, இன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. பஸ் ஹாரன் கேட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒன்றில் மூட்டைகளும் விதைப் பானையும். அவற்றைத் தார்ப்பாயால் மூடி, கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்திருக்கிறார். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அடுத்த அறையில் படுத்திருக்கிறார். காற்று வரும் ஜன்னலையும் வெயிலுக்காகச் சாத்தியிருக்கிறார். நான் ஐந்து மணிக்கு வந்தேன்.

கருத்தக்கண்ணன் மாத்திரையைத் தின்றுவிட்டான் என்று ஊர் பேசியது. வந்த போலீஸ்காரரும் அதைத்தான் கேட்டார். "வீட்ல சண்டையாம்மா? கடன் தொல்லையா?" உளுந்துக்கு வைத்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றும் இல்லை, புகைதான் மூச்சில் ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் ஊர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. சாக நினைத்தவர் அடுத்த விதைப்புக்கான பானையையும் சேர்த்து மூடி வைப்பாரா என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த உளுந்தை யாரும் தொடவில்லை. எடுத்து ஆற்றினால் போதும், ஒன்றும் செய்யாது என்று ஐயர் சொல்லியனுப்பினார். ஆள் செத்த மூட்டைக்கு யார் வருவார்கள்? மாட்டுத் தீவனத்துக்கென்று ஒருவன் வண்டியோடு வந்து ஏற்றிப் போனான். விதைப் பானையையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவில் போய்விட்டது. அது என்ன தேதி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறாம் நாள் கருமாதி. படையலுக்கு வடை சுட வேண்டும். முதல்நாள் என்னோடு வேலை பார்க்கும் முனீஸ்வரி ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயரு குடுத்துவிட்டாரு அக்கா. அஞ்சு கிலோ இருக்கு. வடைக்கு ஆகட்டும்னாரு. பாவம், அவருக்கும் மனசு கேக்கல."

பைக்குள் கையை விட்டேன். தோல் நீக்கியிருந்தாலும் என் கைக்குத் தெரிந்தது. ஒரே அளவு. பொடிசு ஒன்றுகூட இல்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ஊறப் போடு."

மறுநாள் இலையில் வடை விழுந்தது. வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். இவருடைய அத்தை செல்லத்தாய் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, கண்ணைத் துடைத்தாள்.

"எம்புட்டு மெதுவா இருக்கு பாரு. வெலைக்கு வாங்குன உளுந்து இப்பிடி வருமா? எம் மருமகன் கை வெள்ளாமையில்ல."

சங்கிலி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏப்ரலில் வந்து வாசலில் நிற்பாய் என்று அண்ணன் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஏப்ரல்தான் அது. எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான்.

"விதைக்கு எடுத்து வச்சதா மதினி? அண்ணன் உளுந்தா?"

"ஆமா" என்றேன்.

அவன் இலையில் இருந்த வடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றான்.