புரண்டு படு

இறந்து கிடந்த அண்ணனின் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த இடது கையை ஹெல்வி மெல்ல இழுத்து விடுவித்தாள். மேல்கையில் சட்டைப் பித்தான் மாதிரி, சர்க்கரை அளக்கும் அந்த சென்சார் ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் திர்ரி தடுக்கவில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

காலை ஏழு பத்துக்கு, முற்றத்துக்கு அந்தப்பக்கம் தன் வீட்டில் இருந்தபோது, ஹெல்வியின் போனில் அலாரம் அடித்திருந்தது. அண்ணன் கௌகோவின் சர்க்கரை 2.9, ஆபத்தான குறைவு. இடப்பக்கம் படுத்து சென்சாரை நசுக்கினால் எண் பொய்யாக இறங்கும். மூன்று வருடமாக இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் பனியில் ஓடிவந்து கதவைத் தட்டுவாள்.

"உயிரோடதான் இருக்கேன். போய் காபியக் குடி" என்று எரிந்து விழுவான்.

இன்றைக்கு அவள் ஓடவில்லை. "புரண்டு படு" என்று போனிடம் சொல்லிவிட்டு, இரண்டு கோப்பை காபி குடித்தாள். எட்டு மணிக்குச் சாவி போட்டுத் திறந்தபோது அவன் இடப்பக்கமாகத்தான் படுத்திருந்தான்.

"அது நெஜமாவே கொறஞ்சிருந்ததா?" என்று இப்போது திர்ரியிடம் கேட்டாள்.

"தெரியல ஹெல்வி. இதயமாவும் இருக்கலாம். மூச்சு நின்னப்புறமும் கொஞ்ச நேரம் இது எண் காட்டும். இது ரத்தத்தைப் பாக்கறதில்ல, தோலுக்கடியில இருக்கற நீரைத்தான் பாக்குது. ரத்தத்துல நடக்கறது இதுக்குத் தெரிய கால்மணி ஆகும்."

"கால்மணிதான?"

"ஆமா."

"எனக்கு அம்பது நிமிஷம் ஆச்சு."

திர்ரி கையுறையைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

கறுப்புச் சவ வண்டி வந்து, கையில் சென்சாரோடேயே கௌகோவை ஏற்றியது. முற்றத்தில் பனி தள்ளும் ரைமோ, யாராவது இறந்தால் செய்யும் குடியிருப்பு வழக்கப்படி, கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்துதான் பனி சரியாத் தள்ளலன்னு திட்டினாரு" என்றான்.

"சரியாத் தள்ளலதான்" என்றாள் ஹெல்வி. இனி இவள்மேல் எரிந்து விழ ஆளில்லை.

அண்ணனின் சமையலறைக்குத் திரும்பி, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையில் குளுக்கோஸ் மாத்திரைக் குப்பி. பக்கத்தில் அவன் போன், இன்னமும் 'குறைவு' என்றே காட்டிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் போன் கூப்பிட்டது.

'சிக்னல் இல்லை. போனை சென்சாருக்கு அருகில் கொண்டுவரவும்.'

ஹெல்வி கோட்டைக்கூட மாட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். சக்கரத் தடம் தெருவில் திரும்பும் இடம் வரைக்கும் போய், போனை முன்னால் நீட்டியபடி நின்றாள்.