எட்டாவது மூட்டை

1

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்:

தனசேகரன். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, ஊடுபயிராகக் கோக்கோ. தோப்பு கச்சிராயபாளையம் தாண்டி, சாலை கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் இடத்தில்.

கொளஞ்சியப்பன். சின்னசேலத்துக்காரர். கோக்கோ விதை வாங்கும் ஏஜென்ட். ஒரு சின்னக் கத்தி, பெரிய மூக்கு.

இருசம்மாள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து தனசேகரனுக்குக் காய் உடைப்பவள்.

எட்டு மூட்டை காய்ந்த விதை. ஏழு தனசேகரனுடையவை. ஒன்று இருசம்மாளுடையது.

லண்டன். அந்தச் சந்தையின் கோக்கோ விலை, கொளஞ்சியப்பனின் செல்போனில்.

நான் இல்லை. இருந்தவனைப் போல எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுச் சந்தைகளில் சரக்குகள் என்ன விலைக்குப் போகின்றன என்று கட்டங்களில் நிரப்ப வேண்டும். செம்பு, காப்பி, சர்க்கரை, கோக்கோ. 2024 தொடக்கத்தில் கோக்கோவின் கட்டத்தில் வந்த எண்ணைத் தப்பென்று நினைத்து இரண்டு முறை அழித்தேன். டன் பத்தாயிரம் டாலர். மூன்றாம் முறையும் அதுவே வந்தது. பிறகு அந்த வேலையையும் பாதியில் விட்டேன். எண் என்னை விடவில்லை. அதற்கு ஓர் ஊரும் ஒரு பெண்ணும் கொடுத்தால் போய்விடும் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்:

"உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே மரங்களுக்கு நோய் கண்டது, மழையும் தப்பியது, ஆகவே"

(இது செய்தித்தாள். விட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

"மூடுபனி மலையை விட்டு இறங்கும்போது இருசம்மாளும் அதன் கூடவே, காலில் ஓசையில்லாமல்"

(அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அவள் வந்தது எட்டரை மணி பஸ்ஸில், மூட்டைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு.)

மூன்றாம் தொடக்கம். இது நிற்கிறது:

பஸ் வளைவுகளில் இறங்க இறங்க இருசம்மாள் தூங்கிப்போனாள். மூட்டையைக் காலிடுக்கில் நிறுத்தி, தலையை அதன் மேல் சாய்த்திருந்தாள். கனவில் ஒரு தோப்பு வந்தது. தென்னை இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை கோக்கோ மட்டும். இலை நரம்புகள் சிவந்திருந்தன, குருத்துகள் வீங்கியிருந்தன. அவளைப் போலவே ஒருத்தி குந்தி உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்த காய் ஒன்றிலும் விதை இல்லை. வெள்ளையாக ஏதோ, பஞ்சு மாதிரி, காற்றில் எழுந்து போனது.

"எல்லாம் எங்க போச்சு?" என்று இருசம்மாள் கேட்டாள்.

அந்தப் பெண் கத்தி முனையால் இவளுடைய மூட்டையைக் காட்டினாள்.*

* இந்தக் கனவு நான் கொடுத்தது. விதையில்லாமல் கொடுக்கவில்லை. போன மாதம் கொளஞ்சியப்பன் தோப்புக்கு வந்தபோது, "ஆப்பிரிக்காவுல மரத்துக்கெல்லாம் சீக்கு. அவங்களுக்குப் போனாத்தான் நமக்கு ஏறும்," என்றார். "அவங்க இன்னா பண்ணுவாங்க பாவம்?" என்று இருசம்மாள் கேட்டாள். "அத லண்டனத்தான் கேக்கணும்," என்று செல்போனைத் தட்டிக் காட்டினார். அவள் அதில் ஏதாவது முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

3

அவளுக்கு அந்த மூட்டை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகிவிடும்.

நாற்பது கிலோ. நம்மூரில் கிலோ ஆயிரத்தை எட்டிப் பார்த்த வாரம் அது. மூட்டை விற்றால் பழைய ஆயில் என்ஜின் ஒன்றும் கொஞ்சம் குழாயும் வாங்கலாம். ஓடைத் தண்ணீரை மரவள்ளிக் கொல்லைக்கு ஏற்றலாம். அவள் கணவன் வேடியப்பன் திங்கட்கிழமை போர்வண்டியில் ஏற வேண்டியதில்லை. போர் போடும் அந்த வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாதம். போன முறை இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

"இன்னும் எட்டு இருக்குதே," என்று சிரித்தான்.

"இந்த வாட்டி நாலைக் குடுத்துட்டு வா. அப்புறம் சோத்த நாந்தான் ஊட்டணும்," என்றாள்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். விற்றுவிட்டால் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். விற்காவிட்டால் என்று அவளும் கேட்கவில்லை.

4

மூட்டை அவளுக்கு வந்த வழி.

தோப்பில் ஒரு முறை இருந்தது: எட்டுக்கு ஒன்று. காயை உடைத்து, விதையை வழித்து, மரப்பெட்டியில் கொட்டிச் சாக்குப் போர்த்திப் புளிக்கவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறிக் கொடுப்பவளுக்குக் கூலியாக எட்டுக் கூடையில் ஒரு கூடை விதை. தனசேகரன் இதைத் தாராள மனசில் தொடங்கவில்லை. கிலோ இருநூறுக்குப் போன காலத்தில் பணத்தை எடுத்துக் கொடுப்பதைவிட விதையை அள்ளிக் கொடுப்பது லேசாக இருந்தது. அவளும் தன் பங்கை அவருடைய சிமென்ட் களத்தின் ஒரு மூலையில் காயவைத்து, அவர் விற்கும்போது கூடவே விற்றுவிடுவாள்.

விலை ஏறியது. யாரும் ஏற்றியதைப் போலத் தெரியவில்லை; பனி ஏறுவதைப் போல ஏறியது. ஒருநாள் பார்த்தால் மரத்தின் இடுப்பு வரை, மறுநாள் பார்த்தால் மரமே இல்லை. தனசேகரன் களத்தின் மூலையைப் பார்க்கத் தொடங்கினார்.

"இருசம்மா, உன் பங்க ஈரத்தோடவே உன் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடு. இங்க கெடந்தா கலந்துடும்."

"மேல மார்கழிப் பனிங்க மொதலாளி. எங்க காயவெக்கிறது?"

"ஏன், உங்க மலைக்குச் சூரியன் வர்றதில்லியா?"

"வருதுங்க. உங்களாட்டமே பத்து மணிக்கு மேல வந்து எட்டிப் பாத்துட்டு மூணு மணிக்கெல்லாம் போயிடுது."

தனசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் களத்து மூலையை விட்டுக்கொடுக்கவில்லை. தை பிறந்ததும் இன்னொன்றும் சொன்னார்: இனி பங்கு கிடையாது, நாள்கூலி மட்டும். ஆக, மார்கழியில் அவள் தூக்கிப்போன ஈர விதைதான் கடைசிப் பங்கு.

அவள் அதை அடுப்புக்கு மேலே பரணில் பரப்பினாள். மலையில் விதைச் சாமையும் மக்காச்சோளக் கதிரும் இருக்கும் இடம் அது. புகை பட்டால் வண்டு வராது, பூசணம் பிடிக்காது. விலை ஏறிக்கொண்டே இருந்ததால் சித்திரை வரை அங்கேயே விட்டுவைத்தாள். வண்டு வரவில்லை. பூசணம் பிடிக்கவில்லை. காலையில் ஈர விறகின் புகை மெதுவாக எழுந்து விதைக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும். அவள் கீழே கூழ் கிளறிக்கொண்டு, மேலே ஓர் ஆயில் என்ஜின் காய்ந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள்.

(ஒப்புக்கொள்கிறேன். இதை நான்தான் செய்தேன். அவளைத் தப்புச் செய்யவைக்காமல் கதை நகரவில்லை. கோக்கோ ஒருமுறை புகையைக் குடித்தால் சாக்லேட் ஆன பிறகும் அதை விடாது. எனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒருத்தரை உட்காரவைத்து முன்னமே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

5

கொளஞ்சியப்பன் ஏழு மூட்டையிலும் கையை விட்டு அள்ளினார். விதையை வெட்டினார், முகர்ந்தார், சாக்கட்டியால் மூட்டை மேல் கோடு போட்டார். கோடு போட்டால் எடுத்தாயிற்று என்று அர்த்தம். மறுபடி பார்க்க மாட்டார், எடை மட்டும் போடுவார்.

எட்டாவது மூட்டை. ஒரு விதையை இரண்டாக வெட்டினார். உள்ளே நல்ல பழுப்பு, விரிசல் விட்டு அழகாக இருந்தது.

"யார் புளிக்கவெச்சது?"

"இதையும் அந்த ஏழு மூட்டையையும் நாந்தாங்க புளிக்கவெச்சேன்."

"கைவேல நல்லாத்தான் கீது," என்றவர் முகர்ந்தார். நிறுத்தினார். இன்னொரு விதையை வெட்டி முகர்ந்தார். "இன்னாம்மா இது, கருவாடு வாசன வருது?"

"புகைங்க. வண்டு வராம இருக்கப் பரண்ல வெச்சிருந்தேன்."

"வண்டு வந்திருந்தாக்கூட கம்மி வெலைக்கு எடுத்திருப்பேன். புகை ஆவாது."

"வேணும்னா கழுவிக் குடுக்கட்டுங்களா?"

"கழுவ இது இன்னா சட்டையா?"

தனசேகரன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் கம்மி பண்ணியாவது எடுத்துக்கோங்க."

"ஒரு மூட்டைப் புகை மொத்தச் சரக்கையும் நாறடிச்சுடும். அப்புறம் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புனா சரக்குக்காரர் தலையிலதான் வுழும். புகை படாத மூட்டை வேற இருந்தா கொண்டா. நாலு மணி வரைக்கும் இங்கத்தான் இருப்பேன்."

"வேற மூட்டைக்கு மரத்தத்தான் போய்க் கேக்கணும்," என்றாள் இருசம்மாள்.

"கேளு. நான் கேட்டா தரமாட்டேங்குது," என்றார் தனசேகரன். பிறகு கொளஞ்சியப்பனிடம், "வாங்க, அமிர்தம் கோழி அடிச்சு வெச்சிருக்குது. சாப்புட்டு வந்து எடை போட்டுக்கலாம்," என்று அழைத்தார். அமிர்தம் அவர் மனைவி. வாசலில் திரும்பினார். "இருசம்மா, அந்த ஏழு மூட்டைக்கும் வாயத் தெச்சு வெச்சிரு."

இரண்டு பேரும் தென்னை நிழலில் நடந்து போனார்கள். கோணி ஊசியும் சணலும் அவள் கையில். கோடு போட்ட ஏழு மூட்டைகள், கோடு போடாத ஒன்று, எட்டும் வாய் திறந்தபடி.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. ஏழு மூட்டையையும் தைக்கிறாள். எட்டாவதைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். திங்கட்கிழமை வேடியப்பன் போகிறான். (ஏழைப் பெண்ணை நேர்மையானவளாக்கிவிட்டு நிம்மதியாக எழுந்துபோவது எழுதுகிறவனுக்கு வசதி. அவளுக்கு இதில் என்ன வசதி என்று தெரியவில்லை.)

ஆ. கூடை கூடையாக மாற்றுகிறாள். தன்னுடையதை ஏழிலும் பிரித்துப் போட்டு, ஏழிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தன் சாக்கை நிரப்புகிறாள். ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு புகை. கொளஞ்சியப்பன் கோழி தின்ற கையோடு எட்டாவதை முகர்ந்தால் தெரியுமா? தெரியாவிட்டால் வேடியப்பன் இருப்பான். பிறகு கம்பெனி கண்டுபிடித்தால் தனசேகரனின் ஏழு மூட்டையும் திரும்பி வரும். கலந்துவிடும் என்று பயந்துதான் அவர் அவளைக் களத்தைவிட்டு அனுப்பினார். அனுப்பியதால்தான் புகை வந்தது.

இ. தனசேகரன் மனமிரங்கித் திரும்பி வந்து, "இருசம்மா, உன் மூட்டையை நானே"

(நாலாவது சொல்லுக்கு மேல் தனசேகரனே ஒப்புக்கொள்ளவில்லை.)

அடுத்த வருஷம் விற்றுக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைத்தால், அந்த எண்களும் எனக்குத் தெரியும். விலை ஏறியதால் எங்கெங்கோ புதிதாக நட்டார்கள். சாக்லேட் செய்பவர்கள் கோக்கோவைக் குறைத்தார்கள், தின்பவர்களும் குறைத்தார்கள். மழையும் திரும்பியது. இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பெரிய எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வந்த பனி போவதைப் போல, சொல்லாமல். கனவில் காய் உடைத்தவளுக்கு மறுபடி விதை கிடைத்திருக்கும், விலை கிடைத்திருக்காது. ஆகவே அடுத்த வருஷம் என்று ஒன்று இந்தக் கதையில் இல்லை. நாலு மணி வரைதான் இருக்கிறது.

7

அவள் இருந்த கொட்டகைக்குள் போனேன்.

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் நூல் நூலாக இறங்கியது. பெட்டியில் புளித்துக்கொண்டிருந்த விதையின் வாசனை, கள்ளும் காடியும் கலந்ததைப் போல, தலையை லேசாகச் சுற்றவைத்தது. அந்த வாசனையில் கொட்டகையே மெல்ல மிதப்பதாகவும், எட்டு மூட்டையும் எட்டுப் பேராக உட்கார்ந்து அவளைப் பார்ப்பதாகவும் தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது. அவள் ஊசியில் சணலைக் கோத்தாள்.

கோத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

தன் மூட்டையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். முதல் மூட்டையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று நான் எழுதப்போனேன். இரண்டு கை நிறைய விதை இருந்தது. எந்தக் கை எந்த மூட்டைக்கு மேலே போகிறது என்று பார்க்க இன்னும் ஓரடி உள்ளே வைத்தேன்.

இருசம்மாள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். கையில் இருந்ததை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்தாள். மடியை ஒரு கையால் பிடித்தபடி நேராக என் பக்கம் வந்தாள். தோப்பில் குரங்குத் தொல்லை அதிகம். திறந்து கிடந்தால் உள்ளே வந்து எல்லாவற்றையும் கிளறும். அதற்காக இருக்கலாம். குரங்குக்கும் எனக்கும் அவள் அதிக வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை.

"யார்னா வந்தா நாலு மணிக்கு வரச் சொல்லு," என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். நீங்களும் என்னோடு வெளியில்தான் நிற்கிறீர்கள். வேடியப்பனின் எட்டு விரலும் தனசேகரனின் ஏழு மூட்டையும் உங்களுக்குத் தெரியும். நாலு மணிக்கு அவள் எதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் அவள் விதையை ஒருமுறை பரணில் ஏற்றியது போதும்.

இருசம்மாள் திரும்பி உள்ளே நடந்தாள். இரண்டடி போனவள் நின்று, திரும்பி வந்து, தகரக் கதவை இழுத்துச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.