பச்சை விளக்கு தெரியணும்

ஐஸ் பெட்டியின் ஓசை நின்றதும் பிரான்சிஸ் முதலில் லுங்கி மடிப்பிலிருந்து கைபேசியை எடுத்தான்.

சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் கருகியிருந்தது. பிளாஸ்டிக் உருகிய நாற்றம் மல்லிகைப்பூ வாசனையைத் தள்ளிவிட்டுக் கூடம் முழுக்கப் பரவியது. பெட்டிக்குள் லிடியா கல்யாணப் பட்டுச்சேலையில், விரல்களில் சுற்றிய ஜெபமாலையோடு கிடந்தாள். அவளுடைய அண்ணன் பிரான்சிஸ் சுவரோரம் குந்தி, கருகிய பாயிண்டை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று படம் எடுத்தான். அதற்குப் பிறகுதான் டெஸ்டரைக் கேட்டான்.

"செத்த நேரம் பொறுங்க மாப்ள. இப்ப ஓட விட்டுர்றேன்."

சேவியர் தலையை மட்டும் அசைத்தான். நேற்று மாலை அவன் மனைவி லிடியா சமையலறையில் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதும் இப்படித்தான் தலையை அசைத்தான்.

பிரான்சிஸின் கடையில் வேலை செய்யும் சடையாண்டி புதுப் பாயிண்டை மாட்டினான். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பிரான்சிஸ் மறுபடி கைபேசியை உயர்த்தினான்.

"ஏலே, கைய எடு. நெழல் விழுது."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு உரிமையாளர் வேலுசாமி மெதுவாக அவனருகே வந்தார். "பிரான்சிஸு, நம்ம மேல்வீட்டு மோட்டாரும் இப்பிடித்தான்யா, போட்ட ஒடனே நின்னுருது. கருமாதி எல்லாம் முடியட்டும், ஒரு எட்டு வந்து பாரேன்."

"எங்களுக்குக் கருமாதி இல்லண்ணே, நினைவுப் பூசைதான். நாளான்னைக்கே வாரேன்."

சாவு வீட்டில் இருவருக்கும் குரலைத் தாழ்த்தத் தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

சேவியர் வாசலுக்கு வந்தான். சாமியானாவின் கீழ் அவனுடைய அலுவலகத்து நூர் முகமது உட்கார்ந்திருந்தான். பேகம்பூரில் அவன் வீட்டுக்கு எதிரில்தான் பிரான்சிஸின் கடை. நூர் எதையோ சொல்ல வந்து நிறுத்தினான். பிறகு கைபேசியை நீட்டினான்.

"நீயே பாரு. மத்தவங்க சொல்லி ஒனக்குத் தெரிய வேணாம்."

பிரான்சிஸின் கடையான லூர்து எலக்ட்ரிக்கல்ஸின் வாட்ஸப் ஸ்டேட்டஸ். முதல் படத்தில் கருகிய பாயிண்ட். அடுத்ததில் புதுப் பாயிண்ட், அதிலிருந்து போகும் வயர், ஐஸ் பெட்டியின் ஓரத்தில் எரியும் பச்சை விளக்கு. விளக்குக்கு மேலே கண்ணாடி. கண்ணாடிக்குள் லிடியாவின் கைகள். கீழே ஒரு வரி: 'எந்தச் சூழலிலும், எந்த நேரத்திலும், உங்கள் வீட்டுக்கே வந்து.'

"எனக்கும் அனுப்பிருக்கான், குரூப்புலயும் போட்டுருக்கான்," என்றான் நூர். குரூப்பில் ஒருவர் அழும் பொம்மை போட்டிருந்தார். அடுத்தவர், 'ரேட் என்னண்ணே?' என்று கேட்டிருந்தார்.

பிரான்சிஸ் கொல்லையில் குளிக்கப் போய்க்கொண்டிருந்தான். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

"மச்சான், அந்தப் போட்டோவ எடுத்துருங்க," என்றான் சேவியர்.

"எந்தப் போட்டோ?"

"அவ கை தெரியுது."

பிரான்சிஸ் கைபேசியைத் திறந்து பார்த்தான். விரலால் பெரிதாக்கினான். முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் லைட்டத்தான் மாப்ள பாத்தேன். பச்சை விளக்கு தெரியணும்ல. வெறும் பாயிண்டப் போட்டா எவன் நம்புவான், கரண்டு வந்துச்சா வரலையான்னு? ஓடுற சாமானும் சேந்து தெரியணும்னு அவதான சொல்லுவா."

அவள்தான். எம்.காம். படித்த லிடியா, அண்ணன் கடை விளம்பரத்துக்காக ஸ்கூட்டரில் நிலக்கோட்டை வரை போய் பூக்கடைக் குளிரறையின் பேனல் பெட்டியைப் படம் எடுத்து வந்தவள். வேலையைத் தொடுவதற்கு முன் ஒன்று, முடித்த பிறகு ஒன்று. சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டையும் அருகருகே ஒட்டி, "எது பளிச்சுனு இருக்கு, சொல்லுங்க" என்பாள். சேவியருக்கு எல்லாப் படமும் சுவிட்ச் போர்டாகத்தான் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு உலகமே இரண்டு படம்தான் என்று நினைத்துக்கொள்வான்.

"எடுங்க," என்றான் மறுபடி.

"எடுத்துட்டேன். குரூப்புலயும் எடுத்துட்டேன். பாத்தவன் பாத்துருப்பான். என்ன செய்யச் சொல்றீங்க?"

சேவியர் உள்ளே போய்விட்டான்.

மூன்று மணிக்கு லிடியாவை ஐஸ் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார். இனி மூடுவதற்கு முன் குடும்பத்தார் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். லிடியாவின் அப்பாவுக்கு அப்படி எடுத்த படம் மாமியார் புஷ்பமேரியின் வீட்டில் திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. போட்டோக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று ஆட்களை ஒதுக்கினார்.

அப்போது பிரான்சிஸும் அவனுடைய மூன்று ஆட்களும் பெட்டி தூக்கத் தயாராக உள்ளே வந்தார்கள். நால்வரும் மஞ்சள் டீ சட்டை. நால்வர் நெஞ்சிலும் சிவப்பு நூலில் 'லூர்து எலக்ட்ரிக்கல்ஸ்', அதன் கீழே கைபேசி எண்.

சேவியர் அந்த எண்ணைப் பார்த்தான். நாலு முறை இருந்தது. நடுவில் லிடியாவின் முகம்.

"போட்டோ வேணாம். மூடிருங்க," என்றான்.

புஷ்பமேரி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன மாப்ள சொல்றீங்க? அவுக அப்பாவுக்கு எடுத்தோம்ல. இவளுக்கு இல்லாமப் போனா நான் எதப் பாத்து அழுவேன்?"

"இல்ல அத்தை. இவருக்கு அது இன்னொரு படம். நாளைக்கு எங்கயாச்சும் போட்டுருவாரு."

"இதையுமா போட்டுருவேன்னு நெனைக்கிறீங்க?" என்றான் பிரான்சிஸ்.

"காலைல போட்டீங்கள்ல."

பிரான்சிஸ் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் தெரிந்ததுபோல் பார்த்தான். "தூக்குற ஆளுக ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான் மாப்ள போடச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. நல்ல சட்டையின்னு எங்கிட்ட இருக்குறதே இதுதான்."

வேலுசாமி தொண்டையைச் செருமினார்.

"சார்," என்றார் போட்டோக்காரர், "கோயில்ல ஃபாதர் பூசைக்கு ரெடியா இருக்காராம். எடுக்கவா, வேணாமா?"

பிரான்சிஸ் சட்டையைத் தலைவழியாக உருவினான். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மறுபடி மாட்டிக்கொண்டான். சடையாண்டியைப் பார்த்து, "கழட்டுலே," என்றான். அவனும் மற்ற இருவரும் கழற்றினார்கள். ஒருவனுடைய பனியனில் விலாப்பக்கம் கிழிந்திருந்தது. பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தையல் வெளியே தெரிய நால்வரும் திரும்ப வந்து நின்றது, நாடகத்தில் வேஷம் மாறிப்போனவர்கள் மாதிரி இருந்தது. சேவியருக்கு எரிச்சல் குறையவில்லை. இதையும் ஒரு காட்சியாக்கிவிட்டான் என்று நினைத்தான்.

"இப்ப எடுக்கலாமா மாப்ள?" பிரான்சிஸின் குரல் கடைக்கு வந்தவரிடம் கேட்பதுபோலத்தான் இருந்தது.

புஷ்பமேரி சேவியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க," என்றான்.

ஆட்கள் மூவரும் வாசல் பக்கம் ஒதுங்க, பிரான்சிஸ் குடும்பத்தாரோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றான். போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நம்பரு பின்னாடி வழியாவும் தெரியுது."

உண்மைதான். பிரான்சிஸின் நெஞ்சில் எழுத்துக்குப் பின்னால் வைத்துத் தைத்த வெள்ளைத் துணியும் சிவப்பு நூல் முடிச்சுகளும் இருந்தன. தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறி, பார்க்கத் தெரிந்தவன் படித்துவிடும்படி இருந்தது அந்த எண். பிரான்சிஸ் கையை நெஞ்சில் வைத்து மறைத்தான். கை போதவில்லை. தள்ளி நிற்க இடமும் இல்லை. பின்னால் சுவர்.

சேவியர் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்து, தலைமாட்டுப் பக்கம் வந்து, பிரான்சிஸுக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"இப்ப சரியாருக்கு. தங்கச்சி மொகமும் நல்லாத் தெரியுது," என்றார் போட்டோக்காரர். "எல்லாரும் இங்க பாருங்க."

சேவியர் கேமராவைப் பார்த்தான். பிடரியில் பிரான்சிஸின் மூச்சு சூடாகப் பட்டது. நின்று, விட்டுவிட்டு, மறுபடி பட்டது. பிறகு ஏதோ ஈரமாகக் காலருக்குள் இறங்கியது. அவன் திரும்பவில்லை. நகரவும் இல்லை.

"ஆடாதீங்க," என்றார் போட்டோக்காரர். "இன்னொண்ணு எடுத்துக்குறேன்."