மலாக்கி டர்கன் இறந்த செய்தி

ஃபின்டன் லவெல் அயர்லாந்தின் டப்ளினில் ஒரு நாளிதழில் பதினான்கு ஆண்டுகள் நிருபராக இருந்தவர். இங்கிலாந்துக்குப் போகும் கப்பலைப் பற்றி எழுதப் போன இடத்தில், பிழைப்புத் தேடிப் போகும் எங்கள் மேயோ மாவட்டக்காரர்கள் ஆறு பேர் கிழிந்துபோன உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அடுத்த வசந்தத்தில், மேயோவின் பல்லினாவில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் 'மேற்குக்கரை' என்ற மாத இதழ் தொடங்கியது. எழுதுவது, அச்சகத்துக்கு ஓடுவது எல்லாம் அவர். தட்டச்சும் தபாலும் என் வேலை. என் பெயர் அட்ராக்டா.

இதழின் உயிர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. யார் பிறந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று இங்கிலாந்தில் கவென்ட்ரியிலும் அமெரிக்காவில் பாஸ்டனிலும் இருக்கும் நம்மவர்கள் அதைத்தான் முதலில் திருப்புவார்கள். இரண்டு பேரிடம் கேட்காமல் எந்தச் சாவையும் லவெல் போட்டதில்லை. 1964 அக்டோபரில் மட்டும், அச்சகம் அவசரப்படுத்தியதால், தொலைபேசியில் ஒருவர் சொன்னதை நம்பிப் போட்டுவிட்டார். இறந்தவர் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த மலாக்கி டர்கன். நாங்கள் போட்டதோ அதே பெயர்கொண்ட, நாக்மோர் ஊர் மலாக்கி டர்கனை.

இதழ் போய் ஐந்தாம் நாள் நாக்மோர் பங்குச் சாமியார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லவெல், உங்க பிணம் இப்பத்தான் பூசை பாத்துட்டு சைக்கிள்ல வீட்டுக்குப் போகுது."

லவெல் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நீயும் வா, அட்ராக்டா. அந்த ஆள் மண்வெட்டியால ஒண்ணு போட்டா, சாட்சி சொல்ல ஒருத்தராவது வேணும்."

மலாக்கி முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். தனிக்கட்டை. லவெல் தொப்பியைக் கழற்றி, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று சொன்னார்.

"செத்துட்டேன்னு போட்டது கூடப் பரவாயில்லைய்யா. எழுபத்தொண்ணு வயசுன்னு போட்டீரே! எனக்கு அறுபத்தெட்டுதான். உள்ள வாங்க, டீ போடறேன்."

சமையலறை மேசையில் மூன்று கேக்குகள் இருந்தன. துக்கம் கேட்க வந்த அக்கம்பக்கத்தார் கொண்டுவந்தவை. "ஒருத்தரும் திருப்பி எடுத்துட்டுப் போகல," என்று மலாக்கி சிரித்தார்.

"வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க யாருக்காவது நான் தந்தி கொடுக்கணுமா?" என்று லவெல் கேட்டார்.

மலாக்கியின் சிரிப்பு நின்றது. "டைக்னு ஒரு தம்பி, கவென்ட்ரியில. அம்மா அடக்கத்துக்கு வரல. யுத்த நேரம், கப்பல் கிடைக்கலன்னு எழுதினான். நான் நம்பல. பதில் போடல. பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவனுக்கு எதுக்குத் தந்தி?"

நாங்கள் இரண்டாவது கோப்பையில் இருக்கும்போது வாசலில் வாடகைக் கார் நின்றது. கறுப்பு கோட்டும் கறுப்பு டையுமாக ஒருவர் இறங்கினார். சவரம் செய்யாத முகம். கதவுவரை வந்தவர், மலாக்கியைப் பார்த்துக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சாகலையா?"

"இன்னிக்கு இல்ல."

"பத்திரிகையில போட்டிருந்துச்சே!"

"போட்டவர் இதோ உக்காந்து டீ குடிக்கிறார், பாரு."

டைக் எங்களைப் பார்க்கவே இல்லை. "ராத்திரிக் கப்பல்ல நின்னுக்கிட்டே வந்தேன். அம்மாவுக்குத்தான் வர முடியல, உனக்காவது..."

மலாக்கி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருடா. மூணு கேக் இருக்கு. நான் ஒருத்தனா எத்தனை திங்கறது?"

லவெல் என் முழங்கையைத் தொட்டார். சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டோம்.

காரில் நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "அடுத்த இதழுக்கு இதைவிட என்ன வேணும்? ரெண்டு மடங்கு போகும்."

"நம்ம தப்பை வெச்சு நாமே பேர் வாங்கறதா? அது அவங்க வீட்டு விஷயம், அட்ராக்டா."

நவம்பர் இதழில் மூன்று வரித் திருத்தம் மட்டும் வந்தது, சரியான வயதோடு. டைக் பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்; மறுவருஷம் வேலையை விட்டு, சாமான்களோடு வந்து சேர்ந்தார். சகோதரர்கள் இருவரும் தினமும் எதற்காவது சண்டை போட்டுக்கொண்டே ஒரே வீட்டில் இருந்தார்கள்.

லவெல் இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இதழை நடத்தினார். டப்ளினிலிருந்து இரண்டு முறை ஆசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. அந்தக் கதையைக் கடைசிவரை அவர் எழுதவும் இல்லை. அவரும் அந்தச் சகோதரர்கள் இருவரும் இறந்தபிறகுதான் நான் எழுதுகிறேன்.