கிணற்றில் தடைக்காலம்

பொதுப் பொருள்விளக்கச் சட்டம் திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. 'கடல்' என்ற சொல் ஏரி, குளம், கிணறு ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று அதில் ஒரு வரி இருந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் ஓடைக்கரைப்பட்டி சண்முகக்கனியின் புறவாசல் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அலையும் சுமாராக அடித்தது.

அவள் வாளியை இறக்கப் போனாள். சுவரோரம் நின்ற காவலர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மீன்பிடித் தடைக்காலம்மா. படகு இறக்கக் கூடாது."

"இது வாளி சார்."

"தண்ணியில இறக்குற எல்லாமே படகுதான். முதல்ல பதிவு எண் எழுதுங்க."

சண்முகக்கனிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டத்தின்மேல் அல்ல, அது வந்த வாரத்தின்மேல். வெள்ளிக்கிழமை மகள் மாரிச்செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூன்று வரன் தட்டிப்போய் நாலாவதாக வருகிற இடம். உப்புக் காப்பியைக் குடித்துவிட்டு எவன் சரியென்பான்?

தாலுகா அலுவலகத்தில் சொற்பொருள் அலுவலர் வழி சொன்னார். சூழல் வேறு பொருளைக் கோரினால் கிணறு கிணறாகவே இருக்கலாம்.

"சூழலை நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா. நீங்க கேட்டா செல்லாது."

கிணற்றடியில் முக்கியமானது துவைகல். அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனாள். அலுவலர் அதற்கு நாற்காலி போட்டு, "கிணறு கிணறாவே இருக்கணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். கல் பேசவில்லை. 'சம்மதம்' என்பது பேசாதிருப்பதையும் உள்ளடக்கும் என்று இன்னொரு பிரிவு இருந்ததால் உடனே முத்திரை விழுந்தது. ஒரே நிபந்தனை, கல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

தண்ணீர் பழையபடி இனித்தது. புறவாசல்வரை தூக்க ஆட்டோக்காரர் மறுத்துவிட்டதால் கல் கூடத்திலேயே கிடந்தது. வெறுமனே கிடக்க வேண்டாமே என்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காப்பி பிரமாதம் என்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா கூடத்தைப் பொதுவாகப் பார்த்து, "பொண்ணுக்குச் சம்மதமா?" என்றார்.

மாரிச்செல்விக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. சட்டம் அவளுக்கும் தெரியும். ஆகவே பஸ் நேரம், பருத்தி விலை, பக்கத்து வீட்டு நாய் என்று மூச்சு விடாமல் பேசினாள். "சும்மா இருடி, சும்மா இருடி" என்று சண்முகக்கனியும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் வீட்டுப் பக்கம் பேசாமல் இருந்தது கல் மட்டும்தான்.

"அடக்கமான பொண்ணு" என்று மாப்பிள்ளையின் அம்மா கல்லுக்குப் பூ வைத்தார். நல்ல நேரம் முடிவதற்குள் கோயிலில் தாலி கட்டிவிடுவதாகச் சொல்லி, நான்கு பேர் சேர்ந்து அதை வேனில் ஏற்றினார்கள்.

சண்முகக்கனி தெருமுனைவரை போய் வழியனுப்பினாள். பதினெட்டு வருஷம் துவைத்த கல். அழுகை அடங்கவில்லை. திரும்பி வந்தபோது புறவாசலில் அலைச் சத்தம் கேட்டது. மாரிச்செல்வி வாளியில் பதிவு எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மறுவீட்டுக்கு என்னிக்கும்மா வர்றாங்க?"

"மூணாம் நாள்."

"அப்ப கல்லு வீட்டுல இருக்குற அன்னிக்கே குடம் எல்லாம் நிறைச்சு வச்சிக்குவோம்."