மங்களேஸ்வரியின் ஊரை நீக்குதல்

1

இந்தக் கதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழிப் பாடமொன்றில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று ஏசக்கூடாது. பொருள் ஒன்றிலிருந்து பண்பு ஒன்றை நீக்குவது எப்படி என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஆளிடமிருந்து ஊரை நீக்கவும் இதுவே போதுமே என்று தோன்றியது. எங்கள் நாட்டில் அதற்கு வேறு வழிகளும் தாராளமாக உண்டு.

2

கண்டி வாவியின் மீது மழை தூறிக்கொண்டிருந்த ஒரு

[வேண்டாம். வாவி இல்லாமல் கண்டிக் கதை தொடங்கக்கூடாது என்று சட்டமா?]

வருடம் 2007. கண்டி நகரில், மாடியொன்றில், சின்ன மென்பொருள் கம்பனி. அங்கே வேலை பார்ப்பவள் மங்களேஸ்வரி, யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பிள்ளை. கம்பனியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் ஊர் இருக்கும். கொழும்பில் குண்டு வெடித்தால் வடக்குத் தமிழரைத் தேடிக் கண்டியில் பொலிஸ் படியேறும் காலம் அது. முதலாளி நவரட்ணராஜா அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, உம்மட ஊரை அதில இருந்து எடுத்துவிடும்."

"ஓம் சேர்."

அவசரத்தில் அவள் ஊரை நீக்கவில்லை. ஊருக்குப் பெறுமதி இல்லை என்று மட்டும் எழுதினாள். 'ஊர்' என்ற பண்பு நகராமல் நின்றது. பக்கத்தில் 'ஊர்: அன்டிஃபைன்ட்', அதாவது வரையறுக்கப்படாதது, என்று வந்தது.

"இதென்ன ஊர்? வன்னிக்குள்ளயோ கிடக்கு? இன்னும் கூடவெல்லோ சந்தேகப்படுவாங்கள்!" என்றார் முதலாளி.

3

இம்முறை 'டிலீட்' என்று எழுதி அடியோடு நீக்கினாள். பக்கத்தில் 'ஊர்: கண்டி' என்று வந்தது.

மந்திரம் ஒன்றுமில்லை. தன்னிடம் இல்லாத பண்பைக் கேட்டால், பொருள் தன் மூல அச்சிடம் போய்க் கேட்டுச் சொல்லும். அந்த அச்சை வார்த்தவர் நவரட்ணராஜா. எல்லோருக்கும் பொதுவாகக் கண்டி என்று போட்டிருந்தார். (அவரும் யாழ்ப்பாணத்தவர், உடுப்பிட்டிக்காரர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்த பிறகு அந்த ஊர்ப் பெயரைத் தன் கையால் எழுதியதில்லை. கோழை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். எரிந்தது என் கடை அல்லவே.)

"பாத்தீரே, கண்டிப் பிள்ளையாகிட்டீர்!" என்று அவர் சிரித்தார்.

4

மறுநாள் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் இணையப் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கண்டியில் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அச்சில் தெருப் பெயர் கிடையாது. பஸ் நிலையத்தையும் தன் வாடகை அறையையும் தவிர அவளுக்குக் கண்டி தெரியாது. பஸ் நிலையம் இருக்கும் திசையைக் கை காட்டினாள். அவளை ஏற்றிப்போகக் கீழே ஜீப் நின்றது.

சார்ஜன்ட் முதலாளியிடம் திரும்பினார். "மாத்தயா, இவரைத் தெரியுமா? பொறுப்பு நிற்பதென்றால் உங்கள் அடையாள அட்டையையும் எடுங்கள்."

அட்டையில் பிறந்த இடம் உடுப்பிட்டி.

5

முதலாம் முடிவு: "என் தங்கையின் மகள்" என்று அட்டையை நீட்டுகிறார். பரிசு கிடைக்கக்கூடிய முடிவு. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாம் முடிவு: "வேலை கேட்டு வந்தவள், எனக்குத் தெரியாது" என்கிறார். இதை நம்புகிறேன், அதனால்தான் வயிறு எரிகிறது.

மூன்றாவதாக, அவர்

மங்களேஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசகரே, அந்த வருடங்களில் உங்கள் கதவையும் தட்டி, பக்கத்து அறைப் பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் சொன்ன பதிலையே இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.