மாமனார் ஏறிய படகு

அன்று காலை படகில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் தம்பி, பல் மருத்துவரான என் மைத்துனன், படகை ஓட்டி, மீன் நிற்கும் இடம் காட்டிய வழிகாட்டி. கரையில் இருந்தவள் என் மகள். அந்த வழிகாட்டியின் மனைவி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஆஜரானவர்கள் யார் யார் என்று முதலில் எழுதாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.

என்னைக் கேட்காமல் அவள் அவரைக் கட்டிக்கொண்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களை உப்பங்கழிக்குள் அழைத்துப் போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

தம்பியும் மைத்துனனும் மாதக்கணக்கில் நச்சரித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் மாமனாராகப் போக வேண்டாம், வாடிக்கையாளராகப் போகலாம். முழுப் படகும் எங்களுக்கு மட்டும். கரை திரும்பியதும் மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். என் வாயிலிருந்து அந்த அளவு வந்ததே போதுமென்று அவள் விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிட்டாளாம்.

படகில் அவர் என்னை "சார்" என்றுதான் அழைத்தார். நான் அவரிடம் நேராகப் பேசவில்லை.

"தூண்டில் கோலை எப்படிப் பிடிக்கணும்னு கேளுடா" என்றேன் தம்பியிடம்.

"ரெண்டடி தள்ளித்தானேண்ணே நிக்கிறாரு. நான் என்ன போஸ்ட்மேனா?"

"விடுங்க வாத்தியாரே" என்றான் மைத்துனன். "என் நாற்காலியில உக்காந்து பயந்து நடுங்கறவன்கூட அத்தான் மாதிரி வாயை இறுக்கி மூடினதில்ல."

அவர் சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, நீண்ட கழியை ஊன்றிச் சத்தமில்லாமல் படகைத் தள்ளினார். "தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு சார். பொடி மீனெல்லாம் கரையோர அலையாத்தி மரத்து வேரை விட்டு வெளிய வந்தாகணும். அதைத் தின்ன அந்த வாய்க்கால் முனையில கொடுவா மீன் காத்துக்கிட்டு நிக்கும்" என்றார். தண்ணீரைப் பார்த்து அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

என் தூண்டிலில் இரையாகக் கட்டியிருந்த ரப்பர் மீன் வேரில் சிக்கி அறுந்தது. அவர் புதிதாக ஒன்றை எடுத்து, நைலான் நரம்பைக் கோத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் நனைப்பதற்காக வாயருகே கொண்டுபோனார்.

"எச்சில் பண்ணாதே!" என்றேன்.

நான்கு வருடத்தில் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் கையை இறக்கினார். "காய்ஞ்சபடியே இறுக்கினா சூட்டுல நரம்பு கெட்டுப்போயிரும் சார். அதான் ஈரம் பண்றது. வேண்டாம்னா தண்ணியில நனைச்சுக்கறேன்."

"கொடு இங்க. முப்பத்தொரு வருஷம் பத்திரக் கட்டு கட்டினவன் நான். எனக்கு முடிச்சு சொல்லித் தர வேண்டாம்."

"தண்ணியாவது தொட்டுக்குங்க சார்."

அவர் சொன்னதாலேயே நான் தொடவில்லை. பத்திரக் கட்டை இறுக்குவதுபோல் பலமாக இழுத்தேன். நரம்பு கிறீச்சிட்டது.

மூன்றாவது வீச்சில் கொடுவா கவ்வியது. தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே எழும்பி, தலையை உதறி, மறுபடி விழுந்தது. என் கை தோள்வரை அதிர்ந்தது.

"கோலைத் தூக்குங்க மாமா! தளர விடாதீங்க!" என்று அவர் கத்தினார். 'சார்' போன இடம் தெரியவில்லை. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று நானும் கத்தினேன். அவர் வலையோடு குனிந்தார். மீனுக்கும் வலைக்கும் ஒரு முழம்தான் இருந்திருக்கும். கோல் சட்டென்று கனம் இழந்தது.

அறுந்த நுனி சுருண்டிருந்தது. முடிச்சில் வெந்து அறுந்த நரம்பு அப்படித்தான் சுருளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அந்தத் துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரிடமும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படகுத் துறையில் மற்ற வழிகாட்டிகளும் அவர்களுக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள். மைத்துனனுக்கு வாய் சும்மா இருக்காது. "பெரிய கொடுவா! கிட்ட வந்து முடிச்சுல அறுந்துபோச்சு!" என்று தூரத்திலிருந்தே கூவினான்.

"முடிச்சுலயா? யாருப்பா போட்டது?" என்று ஒருவன் சிரித்தான். ஒரு வழிகாட்டிக்கு அதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. என் மகள் ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி படியில் நின்றாள். தம்பி ஏதோ சொல்ல வந்தான். நான் அவனைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படிப் பார்த்தால் அவன் பேச மாட்டான்.

"நான்தான் போட்டேன்" என்றார் அவர். "அவசரத்துல நனைக்க மறந்துட்டேன்."

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். இத்தனை பேர் எதிரில் தலை குனிவதா என்று யோசித்தேன். அதற்குள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

"சாப்பிட வாங்கப்பா" என்றாள் மகள்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவர் எதிரில் எப்படிச் சோற்றில் கை வைப்பது? "வெயில் ஏறிடுச்சும்மா, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிக் காரில் ஏறினேன்.

தம்பி அன்று மாலையே அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டான். அவள் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்காக அவர் பொய் சொன்னாரு, அது அவர் இஷ்டம். நீங்க ஏம்ப்பா சும்மா நின்னீங்க?" பிறகு வைத்துவிட்டாள். அதற்குப் பின் அழைக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவரிடம் வழக்கமாக வரும் இரண்டு குழுக்கள் வேறு படகுக்குப் போயின. குடும்ப மானம் என்று நான் காத்துவந்த எதிலும் அவரைச் சேர்த்ததில்லை. அன்று துறையில் அதற்காகத் தன் தொழில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் அவர்தான்.

மாப்பிள்ளை போட்ட முடிச்சு அறுந்ததால் மாமனார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார் என்று துறையில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. முடிச்சைப் போட்டவன் நான். நனைக்கும்படி அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.